புதிய நூலகர்களுக்கான மெட்கால்ஃப் விருது: யாருக்கு, எதற்காக?

ஆஸ்திரேலியாவில் நூலக, தகவல் அறிவியலில் முதுகலை முடித்து, நகரசபை நூலகம் ஒன்றில் இரண்டாம் ஆண்டாகப் பணியாற்றும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "இத்தொழிலுக்குப் புதிதாக வந்த பட்டதாரிகளுக்கென்று நூலகச் சங்கம் ஒரு விருது வழங்குவதாக அறிகிறேன். அது முதல் மதிப்பெண் பெற்றவர்களுக்கு உரியதா? நடுத்தர மதிப்பெண் பெற்ற எனக்கு அதில் இடமுண்டா? பிறர் முன்மொழியும்வரை காத்திருக்க வேண்டுமா? பெற்றாலும் அதனால் என்ன பயன்?"

நீங்கள் கேள்விப்பட்டது ஆஸ்திரேலிய நூலக, தகவல் சங்கத்தின் மெட்கால்ஃப் விருதாகத்தான் இருக்க வேண்டும். தொழிலுக்கு வந்து ஐந்து ஆண்டுகள் நிறையாத சங்க உறுப்பினர் ஒருவர் நூலக, தகவல் சேவையில் உயர்ந்த பணி செய்திருந்தால் அவரைப் பாராட்டுவதற்காக ஏற்பட்டது அது. வகுப்பில் சிறந்து தேறிய மாணவர்களுக்கு அதே சங்கத்தில் மாணவர் விருது தனியாக இருக்கிறது. ஆகவே உங்கள் மதிப்பெண் பட்டியல் இங்கே பேச்சுக்கு வராது. பட்டம் கையில் வந்த பிறகு, சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு, ஒரு நூலகத்தில் உங்களால் என்ன மாறியது என்பதையே நடுவர்கள் பார்ப்பார்கள். இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்களுக்கு இடமும் உண்டு, காலமும் உண்டு.

விருதுக்கு யார் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தால் அது எதை மதிக்கிறது என்பதும் விளங்கும். ஜான் வாலஸ் மெட்கால்ஃப் 1901இல் இங்கிலாந்தின் பிளாக்பர்னில் பிறந்து, சிறுவயதிலேயே ஆஸ்திரேலியாவுக்கு வந்தவர். 1917இல், பதினாறு வயதை ஒட்டிய பருவத்தில், சிட்னி பல்கலைக்கழகத்தின் ஃபிஷர் நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே அங்கேயே படித்துப் பட்டம் பெற்றார். 1923இல் நியூ சவுத் வேல்ஸ் பொது நூலகத்துக்கு மாறினார். 1932இல் துணை முதன்மை நூலகராகவும் 1942இல் முதன்மை நூலகராகவும் உயர்ந்து 1958வரை அப்பொறுப்பில் இருந்தார். இன்று நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகம் என்று அறியப்படுவது அந்த நூலகமே. அங்குள்ள அரங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் காலத்து ஆஸ்திரேலிய நூலகங்களின் நிலையைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊருக்கு ஊர் தோன்றிய தொழிலாளர் கல்விக் கழகங்கள் சந்தா கட்டியவர்களுக்குப் புத்தகம் கொடுத்துவந்தன. நாளடைவில் அவற்றில் பெரும்பாலானவை பழைய நாவல்களும் தூசியும் நிறைந்த அறைகளாகச் சுருங்கிப் போயின. அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை உதவியுடன், பிட்ஸ்பர்க் கார்னகி நூலக இயக்குநர் ரால்ஃப் மனும் விக்டோரியா பொது நூலகத்தின் தலைமை நூலகர் எர்னஸ்ட் பிட்டும் நாடு முழுவதும் பயணம் செய்து, 1935இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். இந்தச் சிறு கழகங்களை மறக்கப்பட்ட பழைய நூல்களின் கல்லறைகளாக அந்த அறிக்கை வருணித்தது. உள்ளூர் நூலக வசதியைப் பொறுத்தவரை 1880ஆம் ஆண்டு ஆஸ்திரேலியா தங்கள் காலத்து ஆஸ்திரேலியாவைவிட மேலான நிலையில் இருந்தது என்றும் எழுதியது. நூலகத் துறைக்கு வெளியே இருந்தவர்களைக்கூட அது கலங்கச் செய்தது. அதே 1935இல் சிட்னி வழக்கறிஞர் ஜெஃப்ரி ரெமிங்டன் உள்ளிட்டோர் இலவச நூலக இயக்கத்தைத் தொடங்கினார்கள். நியூ சவுத் வேல்ஸ் நூலகச் சட்டம் 1939இல் நிறைவேறியது. இடையில் போர் வந்துவிட்டதால் 1944இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நூலகம் நடத்த முன்வரும் நகரசபைகளுக்கு மாநில அரசு மானியம் தரும், குடிமக்கள் கட்டணமின்றிப் புத்தகம் எடுத்துச் செல்லலாம் என்பது அச்சட்டத்தின் சாரம். நீங்கள் இன்று வேலை பார்க்கும் நகரசபை நூலகம் போன்றவை இப்படிப்பட்ட முயற்சிகளின் வழியாக உண்டானவையே. இதற்கான தொழில்சார்ந்த உழைப்பில் முன்னணியில் நின்றவர் மெட்கால்ஃப்.

சட்டம் வந்தால் கட்டடம் வரும், புத்தகமும் வரும். நடத்துவதற்குப் பயிற்சி பெற்ற ஆள் எங்கிருந்து வருவார்? மெட்கால்ஃப் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட கேள்வி இதுதான் என்பது என் கருத்து. 1937இல் கான்பராவில் நூலகர்கள் கூடித் தங்களுக்கென ஒரு நிறுவனத்தை அமைத்தபோது அதை உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அந்த அமைப்பு 1949இல் ஆஸ்திரேலிய நூலகச் சங்கமாகவும், 1989இல் தகவல் என்ற சொல்லையும் பெயரில் சேர்த்துக்கொண்டு இன்றைய சங்கமாகவும் மாறியது. பல்கலைக்கழகங்களில் நூலகப் படிப்பு இல்லாத காலத்தில், பல பத்தாண்டுகள், சங்கம் தானே தேர்வு நடத்தி நூலகர்களைத் தகுதிப்படுத்தியது. பின்னர் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நூலகராகச் சென்ற மெட்கால்ஃப், 1960இல் அங்கே நூலகவியல் பள்ளியைத் தொடங்கி முதுநிலைப் படிப்புக்கு வழி வகுத்தார். 1982இல் மறைந்த அவருடைய பெயரை, ஓய்வுபெறும் மூத்தவர்களுக்கான விருதுக்குச் சூட்டாமல், நேற்று வந்த இளைஞருக்கான விருதுக்குச் சூட்டியது மிகப் பொருத்தமான செயல் என்று நான் நினைக்கிறேன்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் ஆர்வமூட்டும் செய்தி ஒன்றும் உண்டு. நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் நூற்பகுப்பாக்கக் கோட்பாட்டில் மெட்கால்ஃப், சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனுடைய முறையைக் கடுமையாக விமரிசித்தவர். ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்து மீண்டும் கோத்துக் காட்டும் ரங்கநாதனின் வழியைவிட, அமெரிக்கர் சார்லஸ் கட்டர் வகுத்த அகரவரிசைப் பொருள்தலைப்பு வழியே வாசகருக்கு உகந்தது என்று 1950களிலும் 1960களிலும் தடித்த நூல்கள் எழுதி வாதிட்டார். என் மனம் இந்த விவாதத்தில் பெரும்பாலும் ரங்கநாதன் பக்கமே சாய்கிறது. ஆனால் பட்டியலறையில் உட்கார்ந்து யோசித்த ஒருவர் உலகின் மறுகோடியிலிருந்தவரோடு இத்தனை ஆழமாக வாதிட முடிந்தது என்பதே, இந்தத் தொழில் அடுக்கி எடுத்துக் கொடுக்கும் வேலையோடு முடிவதில்லை என்பதற்குச் சான்று. விருதுக்கு முன்மொழியப்படும் இளைஞரிடமும் நடுவர்கள் அந்தச் சிந்தனையின் முளையைத்தான் தேடுவார்கள்.

ஏன் முதல் ஐந்து ஆண்டுகள் என்ற கேள்விக்கு ரங்கநாதனின் வாழ்க்கையைவிடச் சிறந்த விடை எனக்குத் தெரியவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். ஆளரவமில்லாத அறையில் நாள் முழுவதும் தனியே உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. சில நாட்களிலேயே, பழைய வேலைக்கே என்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் போய் முறையிட்டார். பயிற்சிக்காக லண்டன் போய் வாருங்கள், திரும்பிய பிறகும் பிடிக்காவிட்டால் வரலாம் என்று சொல்லி அவர் அனுப்பிவைக்கப்பட்டார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியராக வாய்த்த பெர்விக் சேயர்ஸ், குராய்டன் பொது நூலகத்தின் தலைவராகவும் இருந்தவர். மாணவரின் திறனைக் கண்டுகொண்ட அவர், பாடத்தோடு நிறுத்தாமல், நேரில் நூலகங்களைப் பார்க்கவும் அங்கே வேலை செய்யவும் வழிசெய்து கொடுத்தார். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் பார்த்துவிட்டு 1925இல் கப்பலேறியபோது, பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் கோக்கும் அவருடைய கோலன் பகுப்பு முறையின் கரு ரங்கநாதனிடம் உருவாகியிருந்தது. கப்பலில் இருந்த நூலகத்திலேயே அதைப் பொருத்திப் பார்த்தார். நூலகவியலின் ஐந்து விதிகள் 1931இலும் கோலன் பகுப்பு முறை 1933இலும் நூலாக வெளிவந்தன.

அந்த முதல் மாதங்களில் முதல்வர் ஒரு வார்த்தையில் சரி என்று சொல்லியிருந்தால், குராய்டனில் ஒருவர் கவனிக்காமல் விட்டிருந்தால், கணித ஆசிரியர் ஒருவர் கிடைத்திருப்பார், ரங்கநாதன் கிடைத்திருக்கமாட்டார். ஒரு தொழில் தன் நல்ல ஆட்களை இழப்பது பெரும்பாலும் இந்தத் தொடக்க ஆண்டுகளில்தான். படித்த காலத்தில் தகவல் மீட்டெடுப்பு, தரவு ஆளுமை, சமூக நீதி என்றெல்லாம் கற்று வந்தவர், வேலையில் சேர்ந்ததும் திரும்பி வந்த புத்தகங்களை வண்டியில் அடுக்குகிறார், அச்சுப்பொறியில் சிக்கிய தாளை எடுக்கிறார், மாலைநேர முறைப்பணிக்கும் வாரஇறுதிப் பணிக்கும் முதல் ஆளாக அழைக்கப்படுகிறார். பணியும் பல இடங்களில் ஒப்பந்தப் பணிதான். நானும் என் முதல் நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் எந்த யோசனை சொன்னாலும் "கொஞ்ச நாள் போகட்டும்" என்ற பதிலையே கேட்டிருக்கிறேன். ஒரு மூத்த பட்டியலாளர் என் குறிப்புகளை வாங்கிப் படித்து, இரண்டைத் திருத்தி, மூன்றாவதைச் செய்து பார் என்று சொன்ன நாளில்தான் இந்த வேலையில் நிலைக்கலாம் என்ற எண்ணம் வந்தது. அந்த மூத்தவர் ஒரு தனி மனிதராகச் செய்ததைத் தொழில் முழுவதும் சேர்ந்து, பலர் அறியச் செய்வதற்கான ஏற்பாடு இவ்வகை விருது.

மற்ற நாடுகளில் இதே நோக்கம் வேறு வேறு வடிவங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் 1948இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பீட்டா ஃபை மூ என்ற மதிப்புக் கழகம், நூலகப் பள்ளிகளில் உயர்ந்த நிலையில் தேறியவர்களை உறுப்பினராக அழைக்கிறது. இது படிப்பை அளவுகோலாகக் கொண்டது. 1997இல் அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்படுத்திய ஸ்பெக்ட்ரம் உதவித்தொகை, இனச் சிறுபான்மையினர் நூலகத் தொழிலுக்கு வரவேண்டும் என்பதற்காகப் படிக்கும்போதே கைகொடுப்பது. அச்சங்கம் 2007இல் தொடங்கிய வளரும் தலைவர்கள் திட்டத்தில், புதியவர்கள் சிறு குழுக்களாகச் சேர்ந்து சங்கத்துக்குத் தேவையான ஒரு பணியைச் செய்து முடிக்கிறார்கள். பதக்கம் கொடுத்து அனுப்பிவிடாமல் வேலையையும் கையில் கொடுப்பதால் இந்தக் கடைசி ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் பக்கத்தைப் பார்த்தால், படிப்பின் முடிவில் பல்கலைக்கழகங்கள் வழங்கும் தங்கப்பதக்கங்கள் இருக்கின்றன; பணியில் இருக்கும் சிறந்த நூலகர்களுக்குத் தமிழக அரசின் பொது நூலகத் துறை ரங்கநாதன் பெயரில் வழங்கும் விருதும் இருக்கிறது. ரங்கநாதனே தம் சேமிப்பிலிருந்து பெருந்தொகை கொடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார். 1961இல் பெங்களூரில் மனைவி சாரதாவின் பெயரால் அறக்கட்டளை ஒன்றையும் நிறுவினார். பதக்கம் வாங்கிய மாணவருக்கும் பல்லாண்டு உழைத்த நூலகருக்கும் நடுவே, கிளை நூலகத்தில் மூன்றாம் ஆண்டாகத் தனியாளாகப் போராடிக்கொண்டிருக்கும் இளைஞரைக் கவனித்துப் பாராட்டும் ஏற்பாடு நம்மிடம் வலுவாக அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. நூலக ஆணைக்குழுவோ, கல்லூரி முன்னாள் மாணவர் மன்றமோ, மாவட்ட அளவில் சிறிய தொகையில்கூட இதைத் தொடங்கலாம்.

இனி உங்களுக்குப் பயன்படும் பகுதிக்கு வருகிறேன். இத்தகைய விருதுகளுக்கான பரிந்துரைகளைச் சக பணியாளர்களுக்காக எழுதியும், அவர்கள் எழுதியவற்றைத் திருத்தியும் பழகிய அனுபவத்தில் சொல்கிறேன்: பெரும்பாலான விண்ணப்பங்கள் தோற்பது செய்த வேலை சிறியதாக இருப்பதால் நேர்வதில்லை, செய்ததைச் சொல்லத் தெரியாததால்தான் நேர்கிறது. ஆர்வமிக்கவர், கடின உழைப்பாளி, எல்லோருடனும் இனிமையாகப் பழகுபவர் என்ற சொற்கள் எந்த விண்ணப்பத்திலும் இருக்கும். அவற்றைப் படித்து நடுவர் எதையும் தீர்மானிக்க முடியாது. முன்பு என்ன நிலை இருந்தது, நீங்கள் எதைக் கவனித்தீர்கள், என்ன செய்தீர்கள், பிறகு என்ன ஆனது என்ற நான்கும் ஒரு பக்கத்துக்குள் தெளிவாக வந்துவிட்டால் அதுவே வலிமையான விண்ணப்பம்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். உங்கள் நூலகத்தில் தமிழ், அரபு, வியட்நாமிய நூல்கள் கொண்ட சமூகமொழி அலமாரி இருக்கிறது. நூல்கள் வெளியே போவதே இல்லை என்பதால் அதைக் குறைக்கலாம் என்று பேச்சு எழுகிறது. நீங்கள் போய்ப் பார்க்கிறீர்கள். பட்டியலில் தலைப்புகள் உரோமன் எழுத்தில், அதுவும் ஒரே ஆசிரியர் பெயர் மூன்று விதமாக, பதிவாகியிருக்கின்றன. தமிழ் எழுத்தில் தேடுகிறவருக்கு எதுவும் கிடைக்காது. மூல எழுத்திலும் தலைப்பைச் சேர்த்து, ஆசிரியர் பெயர்களை ஒருமுகப்படுத்தி, அலமாரியின் பெயர்ப்பலகையை அந்தந்த மொழியில் எழுதிவைத்து, வாரத்தில் ஒருநாள் தாத்தா பாட்டிகளோடு வரும் குழந்தைகளுக்குக் கதைநேரம் ஏற்பாடு செய்கிறீர்கள். ஆறு மாதம் கழித்து இரவல் எண்ணிக்கையை முந்தைய ஆறு மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்கள். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆனால் பட்டியலாக்கம், வாசகர் சேவை, சான்றின் அடிப்படையில் முடிவெடுத்தல் மூன்றும் அதில் இருக்கின்றன. வாசகரின் நேரத்தைச் சேமி என்ற ரங்கநாதனின் நான்காம் விதிக்கு இதைவிட நேரான செயல்விளக்கம் வேண்டியதில்லை. இதையே "பன்மொழிச் சேவையை மேம்படுத்தினார்" என்று ஒரு வரியில் எழுதினால் யார் கண்ணிலும் படாது.

எண்களைச் சொல்லும்போது நேர்மை முக்கியம். புதுப்பித்த கட்டடம் திறந்த மாதத்தில் வருகை கூடியதை உங்கள் நிகழ்ச்சியின் பலனாக எழுதாதீர்கள். நடுவர்கள் நூலகர்கள், புள்ளிவிவரம் எப்படி ஏறும் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள், மற்றவர்கள் பெயரையும் சொல்லுங்கள். சரிவராமல் போன முயற்சி ஒன்றையும் அதிலிருந்து நீங்கள் மாற்றிக்கொண்டதையும் குறிப்பிடத் தயங்க வேண்டாம். வயதான வாசகர்களுக்கான கணினி வகுப்பு காலியாகக் கிடந்ததும், பேருந்து நேரத்தைப் பார்த்து அதைக் காலைக்கு மாற்றியதும் கதைநேரத்தின் வெற்றியைவிட உங்களைப் பற்றி அதிகம் சொல்லக்கூடும்.

உங்கள் பணியிடத்துக்கு வெளியே நீங்கள் கொடுத்ததும் கணக்கில் வரும். சங்கக் கூட்டத்தில் ஒரு சிறு கட்டுரை வாசித்தது, படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு வழிகாட்டியது, ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் டிரோவ் என்ற இணையச் சேவையில் பழைய செய்தித்தாள்களின் எழுத்துப் பிழைகளைத் தன்னார்வலர்களோடு சேர்ந்து திருத்தியது, உள்ளூர் வரலாற்றுப் புகைப்படங்களுக்கு முதியவர்களிடம் கேட்டு விவரக்குறிப்பு எழுதியது ஆகிய எல்லாமே தொழிலின் பொதுச் சொத்தைப் பெருக்கும் வேலை. இவற்றைச் செய்தவர் அந்நேரத்தில் விருதை நினைத்துச் செய்திருக்கமாட்டார், அதனாலேயே குறிப்பு எடுத்து வைத்திருக்கவும் மாட்டார். தேதி, செய்த வேலை, யாருக்குப் பயன்பட்டது என்று மாதம் ஒருமுறை கால் மணி நேரம் எழுதிவையுங்கள். வாசகர் நன்றி சொல்லி அனுப்பிய மின்னஞ்சலையும், அவர் அனுமதியோடு, ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். பதவி உயர்வு இதனால் தானாக வந்துவிடாது. ஆனால் ஒப்பந்தப் பணியிலிருந்து நிரந்தரப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, உங்களை அறியாத நிறுவனம் ஒன்றுக்கு முன்னால், துறையின் தேசிய அமைப்பு உங்கள் வேலையைப் படித்துப் பார்த்துச் சொன்ன கருத்தாக அது நிற்கும். அதைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. விருதுக்காக உங்கள் மேலதிகாரி சான்றுரை எழுத உட்காரும்போது, அன்றாட அவசரத்தில் அவர் கவனிக்காமல் விட்ட உங்கள் வேலையை முதல்முறையாகத் தொகுத்துப் பார்ப்பார். விருது கிடைக்காமல் போனாலும் அந்தப் பார்வை உங்களோடு தங்கும். முன்மொழியப்பட்டுத் தோற்றவர்களுக்கு அடுத்த ஆண்டே புதிய பொறுப்பு வந்து சேர்ந்ததை நான் கண்டிருக்கிறேன்.

காத்திருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் விடை, வேண்டாம் என்பதே. நம்மவர்களுக்கு என்னை முன்மொழியுங்கள் என்று கேட்பது கூச்சமாக இருக்கும், தற்பெருமையாகத் தோன்றும். ஆனால் உங்கள் மேலாளருக்கு நீங்கள் எந்த ஆண்டு தகுதி முடித்தீர்கள் என்பது நினைவிருக்காது. ஐந்து ஆண்டு என்ற வரம்பு உங்களுக்கு மட்டுமே ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். குழந்தை பிறப்புக்கோ நோய்க்கோ இடையில் விடுப்பு எடுத்திருந்தால் அந்தக் காலம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும், உறுப்பினர் வகை, பரிந்துரைக் கடிதங்களின் எண்ணிக்கை, கடைசி நாள் ஆகியவற்றையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துச் சங்க அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பணியை அருகிலிருந்து பார்த்த ஒருவரிடமும், வேறு நூலகத்திலோ வாசகர் அமைப்பிலோ இருந்துகொண்டு அதன் பயனைக் கண்ட மற்றொருவரிடமும், மேலே சொன்னபடி ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, இரண்டு மாதம் முன்னதாகவே சான்றுரை கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் இருக்கும் நீங்கள் அந்த ஒரு பக்கத்தை இந்த வாரமே எழுதிப் பார்க்கலாம். நிரப்ப முடியாமல் வெற்றாக நிற்கும் பகுதி எதுவோ, அதுவே உங்கள் மூன்றாம் ஆண்டுக்கான வேலை.